நிலவறையில் உறங்கும் துவிச்சக்கரவண்டி

2019ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் திகதி பிரான்சில் ஓய்வூதியச் சீர்திருத்தத்திற்கு எதிரான வேலைநிறுத்தம் ஆரம்பமாகியது. பாரிஸ் மெற்றோவில் சாரதியின்றி ஓடும் 1ஆம், 14ஆம் இலக்கப் பாதைகள் மட்டுமே வழமைபோல் இயங்கின. நானோ காலை பத்து மணிக்கு உணவகத்தில் நிற்கவேண்டியவன். எமது கட்டடத்தின் நிலவறையில் ஒரு துவிச்சக்கரவண்டி இருப்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. 'ஆபத்துக்கு உதவும்' என்று மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் பழைய பொருட் சந்தையில் வாங்கி வைத்த வண்டி அது. இறங்கிப் பார்த்தேன். இரு ரயர்களும் காற்றிழந்து வெடித்திருந்தன. செயின் துருவேறி இறுகியிருந்தது. அன்று ஏழு கிலோமீற்றர் தூரத்தை நடந்தே கடந்தேன்.

கால் வலியைவிட வெட்கமே அதிகமாக இருந்தது. ஏனெனில், ஐந்து ஆண்டுகளைச் சைக்கிளை நம்பியே கடந்த ஊரிலிருந்து வந்தவன் நான்.

ஊரைச் சுமந்த வண்டி

1990ஆம் ஆண்டு ஜூன் மாதம் போர் மீண்டும் மூண்டபின்னர், யாழ்ப்பாணக் குடாநாட்டிற்கு எரிபொருள் வருவது தடைப்பட்டது. மின்சாரமும் நின்றது. எஞ்சிய வாகனங்கள் மண்ணெண்ணெயில் இருமிக்கொண்டு ஓடின. அதுவும் எல்லோருக்கும் கிட்டவில்லை. ஆசிரியரும் வைத்தியரும் மாணவரும் மீன் வியாபாரியும் சைக்கிளிலேயே சென்றனர். விறகும் நெல்மூட்டையும் கரியரில் ஏறின. நோயாளியைப் பின்னால் இருத்தி, ஒருவர் பிடித்துக்கொள்ள, மற்றவர் வைத்தியசாலைக்கு உருட்டிச் சென்றார். பற்றரி கிடைக்காத அந்நாட்களில் சைக்கிளை நிறுத்திவைத்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் பிறந்த மின்சாரத்தில் பி.பி.சி. தமிழோசை கேட்ட வீடுகள் எத்தனையோ!

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சி நோக்கி இடம்பெயர்ந்தனர். யாழ்ப்பாணத்திலிருந்து சாவகச்சேரி ஏறக்குறைய 15 கிலோமீற்றர். வேறு நாளில் ஒரு மணித்தியாலத்தில் மிதித்துச் செல்லும் தூரம். அன்றிரவு மழையிலும் நெரிசலிலும் எவராலும் சைக்கிளில் ஏறமுடியவில்லை. ஆனால் அரிசியையும் உடுப்பு மூட்டையையும் நடக்கமுடியாத முதியவரையும் சுமந்து உருண்டது அந்தச் சைக்கிள்தான்.

அன்று அது உதவியதற்குக் காரணம் ஒன்றே. முதல்நாளும் அது ஓடிக்கொண்டிருந்தது. அதன் பிறேக் பிடிக்குமா, பின்சில்லு எவ்வளவு பாரம் தாங்கும் என்பது வீட்டில் அனைவருக்கும் தெரிந்திருந்தது. ஒட்டுப் போடத் தெரியாத பிள்ளை அரிது. எவரும் அதை 'ஆபத்துக்கு' என்று ஒதுக்கி வைக்கவில்லை.

இங்கும் வந்த நெருக்கடிகள்

ஐரோப்பாவில் இத்தகைய நிலை வராது என்று எண்ணுவது தவறு. 1973ஆம் ஆண்டு எண்ணெய் நெருக்கடியின்போது ஒல்லாந்து அரசு நவம்பர் 4ஆம் திகதி முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டுவதைத் தடைசெய்தது. அதே மாதத்தில் டென்மார்க், மேற்கு ஜேர்மனி, சுவிற்சர்லாந்து ஆகிய நாடுகளும் அவ்வாறே செய்தன. வலிகாமம் வெறுமையான அதே 1995இன் நவம்பர் இறுதியில், பாரிசிலும் ஒரு பெரும் வேலைநிறுத்தம் மெற்றோவை மூன்று வாரங்களளவு முடக்கியது. அப்போதும் பாரிஸ் மக்கள் சைக்கிளைத் தேடி எடுத்தனர். இலங்கையில் 2022இல் எரிபொருளுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்றபோது, சைக்கிளுக்கான கேள்வி நாடெங்கும் பெருகியது.

செய்யவேண்டியவை

வாரம் இருமுறையேனும் கடைக்கோ வேலைக்கோ சைக்கிளில் செல்லுங்கள். ஐந்து கிலோமீற்றர் தூரத்தை இருபது நிமிடங்களில், வியர்க்காமல் மிதித்துவிடலாம். ரயரைப் பெருவிரலால் அழுத்திப் பாருங்கள். எளிதில் அமுங்கினால் காற்றடியுங்கள். மழையில் நனைந்த செயினைத் துடைத்து எண்ணெய் இடுங்கள். ஒரு பம், ஓர் உதிரி ரியூப், ஒட்டுத் துண்டுகள், பசை, அரத்தாள், இரண்டு ரயர் நெம்பிகள் ஆகியவற்றைச் சிறு பையிலிட்டு வண்டியோடு வைத்திருங்கள்.

ஒட்டுப் போடுவதைப் பிள்ளைகளுக்குக் காட்டிக்கொடுங்கள். காற்றடித்த ரியூப்பை நீரில் அமிழ்த்தினால் குமிழி எழும் இடமே துவாரம். அதை உலர்த்தி, அரத்தாளால் தேய்த்து, பசை பூசி, அது காயும்வரை பொறுத்து, அதன் பின்னரே ஒட்டவேண்டும். அந்தப் பொறுமை இல்லாதவர் போட்ட ஒட்டு பாதி வழியில் கழன்றுவிடும்.

பாரம் ஏற்றினால் இரு பக்கமும் சமமாகவும் இயன்றளவு தாழ்வாகவும் கட்டுங்கள். இரவில் முன்னே வெள்ளை விளக்கும் பின்னே சிவப்பு விளக்கும் அவசியம். பிரான்சில் 12 வயதிற்குட்பட்ட பிள்ளைகளுக்குத் தலைக்கவசம் 2017 முதல் சட்டப்படி கட்டாயம். பெரியவர்களுக்கும் அது நல்லதே.

முதியவர்களாலும் நோயாளிகளாலும் எல்லோரையும்போல் மிதிக்க முடியாது. பனி உறைந்த காலையில் நடப்பதே புத்தி. ஆயினும் ஒரு வீட்டில் ஒருவராவது பெற்றோலோ மெற்றோவோ இன்றி மருந்துக் கடைவரை சென்று திரும்ப முடிந்தால், அந்த வீடு ஒரு நெருக்கடியைத் தாங்கும்.

வேலைநிறுத்தம் முடியுமுன்னரே எனது வண்டிக்குப் புதிய ரயர்களும் செயினும் போட்டேன். இப்போது அது நிலவறையில் நிற்பது இரவில் மட்டுமே. சென்ற மாதம் வழியில் முன்சில்லு காற்றுப் போனது. என் மகன் பையைத் திறந்து தானே ஒட்டினான். பசை காயும்வரை பொறுத்துத்தான் ஒட்டினான்.