ஐப்பசியில் ஊர் சுற்றலாம்

கோவைக்காரர்களுக்கு ஊர் சுற்றுவது என்றாலே மே மாதம், மே மாதம் என்றாலே ஊட்டி. வருடம் முழுக்கச் சேர்த்த ஓய்வை மேட்டுப்பாளையம் சாலையின் வண்டி வரிசையில் நின்று செலவழித்துவிட்டு, போனதைவிடக் களைத்துத் திரும்புகிறோம். இந்த நெரிசல் முற்றித்தான் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. ஊட்டி எங்கேயும் ஓடிப்போய்விடாது. ஓய்வை ஒரே மாதத்தில் மொத்தமாகக் கொட்டாமல், ஐப்பசி முதல் மார்கழி வரையுள்ள ஞாயிற்றுக்கிழமைகளில் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவிடுவதுதான் இந்த ஊருக்குப் பொருந்தும். அதுவும் தொலைவில் தேட வேண்டியதில்லை. கோவையை ஒட்டிய மதுக்கரையில் வீடு இருந்தால், வேண்டியதெல்லாம் ஒன்றரை மணி நேரப் பயணத்துக்குள் இருக்கிறது.

முதல் சான்று வானிலை. மதுக்கரை பாலக்காட்டுக் கணவாயின் வாசலில் இருக்கிறது. தென்மேற்குப் பருவத்தில் கேரளம் மழையை வாங்கிக்கொள்ள, நமக்குப் பெரும்பாலும் காற்றும் சாரலும்தான் மிஞ்சும். கோவையின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்வது. ஏப்ரலில் 36 டிகிரியைத் தொடும் பகல் வெயில், கார்த்திகையில் 30 டிகிரிக்குப் பக்கத்தில் நின்றுவிடுகிறது. “மழைக்காலத்தில் யாராவது வெளியே கிளம்புவார்களா?” என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். மலை ஏறுவதற்கு இது நல்ல காலமில்லை. 1899-இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை ஓடத் தொடங்கிய நீலகிரி மலை ரயில்கூட, இந்த மாதங்களில் தண்டவாளத்தில் மண் சரிந்து பலமுறை நிறுத்தப்படுகிறது. ஆனால் சமவெளியில் ஐப்பசி மழை பெரும்பாலும் பிற்பகலுக்கு மேல்தான் இடியோடு இறங்கும், காலைப்பொழுது நம்முடையது. மரப்பாலம் தர்மலிங்கேஸ்வரர் மலைக்கோ, 1955-இல் கட்டி முடித்த மலம்புழா அணைக்கோ, ஆழியாறுக்கோ காலையில் கிளம்பினால், மழை இறங்குவதற்குள் வீடு திரும்பிவிடலாம்.

மாலைக்கும் குறையில்லை. கொங்கு ஊர்களில் வள்ளி கும்மி மறுபடி தழைத்திருப்பது கடந்த சில ஆண்டுகளின் பெரிய செய்தி. ஆசிரியர் ஒருவர் ஊரில் தங்கி இரவுகளில் பயிற்சி கொடுப்பார். பேத்தியும் பாட்டியும் ஒரே வரிசையில் அடி பழகுவார்கள். பிறகு ஒரு நாள் கோயில் திடலில் அரங்கேற்றம். ஒரே நிறச் சேலையில் வட்டமாக நிற்கும் பெண்கள், ஆசிரியரின் பாட்டு வேகம் பிடிக்கப் பிடிக்கக் குனிந்து நிமிர்ந்து கைகொட்டும்போது, காலடிச் சத்தத்திலேயே தாளம் கேட்கும். காரமடைப் பக்கம் தாசம்பாளையத்தைச் சேர்ந்த பத்திரப்பன், ஆண்கள் மட்டும் ஆடிவந்த இந்த ஆட்டத்தைப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்தவர். 2024-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. இதற்கு டிக்கெட் கிடையாது, முன்வரிசை பின்வரிசை கிடையாது. கொடிசியா மைதானத்துத் திரையிசைக் கச்சேரிக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கத் தயங்காதவர்கள் இதையும் ஒருமுறை பார்க்கட்டும். 2008-இல் தொடங்கி, ஜனவரியில் நடந்துவந்த கோயம்புத்தூர் விழாவும் 2024-இல் நவம்பர் கடைசிக்கு மாறியது. நகரமும் இந்தப் பருவத்தை அடையாளம் கண்டுகொள்கிறது என்றே நினைக்கிறேன்.

இந்தப் பருவத்தில் நாம் அதிகம் வீணடிப்பது கல்லூரி விளையாட்டைத்தான். அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து மைதானத்தில் 1,07,000 பேருக்கு மேல் உட்காரலாம். அது இருக்கும் ஆன் ஆர்பர் நகரின் மக்கள்தொகையே அதைவிடச் சற்றுத்தான் அதிகம். இலையுதிர்காலச் சனிக்கிழமைகளில் ஊரே தன் பிள்ளைகளின் ஆட்டத்தைப் பார்க்கக் கிளம்பிவிடும். நமக்கு விளையாட்டில் பஞ்சமா? பாரதியார் பல்கலைக்கழகத்தின் கீழ் நூற்றுக்கு மேல் கல்லூரிகள், பி.எஸ்.ஜி. அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டிக்கு அரை நூற்றாண்டைத் தாண்டிய வயது. பெரியநாயக்கன்பாளையத்தில் ராமகிருஷ்ணா மிஷனின் மாருதி உடற்கல்வியியல் கல்லூரி. மதுக்கரைக்குப் பக்கத்திலேயே செட்டிபாளையத்தில் 2.1 கிலோமீட்டர் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. பொறியியல் மாணவர்கள் தாங்களே வடிவமைத்துக் கட்டிய பந்தயக் கார்களை ஓட்டும் ஃபார்முலா பாரத் போட்டி, மார்கழி, தை வாக்கில் அங்கே நடக்கிறது. இவ்வளவு இருந்தும் கல்லூரிகளுக்கு இடையிலான ஒரு கைப்பந்து ஆட்டத்தில் கைதட்டுவது பெரும்பாலும் அடுத்த ஆட்டத்துக்குக் காத்திருக்கும் அணிதான்.

“கிரிக்கெட் தவிர வேறெதையும் நம்மவர் பார்க்கமாட்டார்கள்” என்பது வழக்கமான பதில். கபடிக்கு ஊர்த்திடலில் விடிய விடியக் கூடும் கூட்டம் இதைப் பொய்யாக்குகிறது. ஆனால் கல்லூரி ஆட்டம் எப்போது, எங்கே என்று யாரும் சொல்வதில்லை. சொன்னாலும் கல்லூரி வாசலில் காவலாளி விடுவதில்லை. சிக்கல் அங்கேதான். மில்லிலும் ஃபவுண்டரியிலும் சனிக்கிழமையும் ஷிப்ட் போகிறவர்களுக்கு வார இறுதி என்பதே ஞாயிறு ஒன்றுதான் என்ற மறுப்பு இன்னும் வலுவானது. ஆனால் மூன்று நாள் ஊட்டிப் பயணத்தைவிட அரை நாள் ஆட்டமும் ஒரு கும்மி இரவும் அவர்களுக்குத்தான் அதிகம் கட்டுப்படியாகும்.

நான் தயங்கும் இடம் ஒன்று உண்டு, அது காடு. 2021 நவம்பரில் நவக்கரை அருகே ரயில் மோதி ஒரு தாய் யானையும் இரண்டு குட்டிகளும் இறந்தன. அதன் பிறகு 2024 பிப்ரவரியில், யானை தண்டவாளத்தை நெருங்கினால் எச்சரிக்கும் செயற்கை நுண்ணறிவுக் கேமராக்கள் மதுக்கரை வனச்சரகத்தில் நிறுவப்பட்டன. வார இறுதி என்ற பெயரில் வாளையாறு பக்கத்துக் காட்டோரம் கூடாரமும் ஒலிபெருக்கியுமாகப் போய் இறங்குவதை எந்தப் பருவத்திலும் ஆதரிக்க முடியாது. கூடுவதற்கு ஊருக்குள்ளேயே திடல்கள் இருக்கின்றன.

கல்லூரி முதல்வர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இந்த ஐப்பசியில் உங்கள் போட்டி அட்டவணையை வாசலில் எழுதி ஒட்டுங்கள். ஞாயிறு ஆட்டங்களுக்குக் கதவைத் திறந்துவிடுங்கள்.