இருமலுக்கு அன்று கேட்ட கேள்விகள்

செங்கல்பட்டு முதல் மாமல்லபுரம் வரையிலான ஊர்களில் ஆடாதோடை ஒரு காலத்தில் வேலிச்செடி. ஆடு மேயாது என்பதால் கொல்லையைச் சுற்றி நட்டார்கள். வீட்டில் யாராவது இருமினால் நாலு இலை பறித்து, மிளகும் திப்பிலியும் தட்டிப் போட்டுக் கஷாயம் வைத்து, தேன் விட்டுக் கொடுத்தார்கள். அதற்கும் அடங்காத இருமல் வைத்தியரிடம் போனது. நாடி பிடித்தபடியே அவர் கேட்பார்: வறட்டு இருமலா, சளி கட்டியிருக்கிறதா? சளி வெள்ளையா, மஞ்சளா? படுத்தால் அதிகமா, விடியலில் அதிகமா? வாதம், பித்தம், கபம் மூன்றில் எது மிஞ்சியிருக்கிறது என்று அறியவே இத்தனை கேள்வி. கபம் என்றால் சுக்கு, மிளகு, திப்பிலி. வறட்சி என்றால் அதிமதுரம்.

சீன மரபு வைத்தியரும் ஏறக்குறைய இதையே கேட்கிறார். நாக்கையும் நாடியையும் பார்த்து, குளிரால் வந்ததா, வெப்பத்தாலா, வறட்சியாலா என்று இருமலைப் பிரிக்கிறார். சிங்கப்பூர்க் கடைகளில் விற்கும் பெய் பா கோ பாகில் லொக்காட் இலையோடு நம் அதிமதுரமும் தேனும் உண்டு.

இந்தக் கேள்விகளுக்கு அடங்காத இருமல் ஒன்று இருந்தது: காசநோய். அன்றைய செங்கல்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த தாம்பரத்தில் 1928-இல் டாக்டர் சௌரி முத்து அதற்கென ஒரு சானடோரியம் தொடங்கினார்; 1937-இல் அரசு அதை ஏற்றது. கிருமியைக் கொல்லும் மருந்து இன்னும் வராத காலம். நல்ல காற்று, ஓய்வு, சத்தான சாப்பாடு ஆகியவையே சிகிச்சை. நோயாளி மாதக்கணக்கில் வீட்டைப் பிரிந்திருந்தார். பிறகு மருந்து வந்தது. 1956-இல் சென்னையில் அமைந்த ஆய்வு மையம், வீட்டிலிருந்தபடி ஓராண்டு மருந்து எடுத்தவர்களும் சானடோரியத்தில் இருந்து எடுத்தவர்களும் ஏறக்குறைய ஒன்றுபோலவே குணமாகிறார்கள் என்று 1959-இல் காட்டியது. அந்த ஓராண்டு இன்று பெரும்பாலோருக்கு ஆறு மாதம், மருந்தும் இலவசம்.

வேலி இருந்த இடத்தில் பல ஊர்களில் இன்று மதில். ஆடாதோடை மணப்பாகாகப் பாட்டிலில் கிடைக்கிறது. இன்னொரு வடிவிலும் கிடைக்கிறது. அந்த இலையிலுள்ள வாசிசினை முன்மாதிரியாகக் கொண்டு உருவானது புரோம்ஹெக்சின். அதன் வழி வந்தது, இன்று பல இருமல் டானிக்குகளில் இருக்கும் ஆம்ப்ராக்சால். பறித்த இலையை வீட்டார் கண்ணால் பார்த்தார்கள். பாட்டிலுக்குள் இருப்பதை ஆய்வகம்தான் பார்க்க முடியும். அண்டை மாவட்டமான காஞ்சிபுரத்தில் தயாரான ஓர் இருமல் மருந்தில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு 48.6 சதவீதம் இருந்ததை 2025 அக்டோபரில் தமிழக அரசு ஆய்வகம் கண்டது. அதற்குள் மத்தியப் பிரதேசத்தில் அதைக் குடித்த குழந்தைகள் இறந்திருந்தார்கள்.

தாம்பரம் சானடோரியத்தில் நெஞ்சக நோய் மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே 2005 முதல் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இயங்குகிறது. அங்கே நாடி பார்ப்பது இன்னும் பாடம். ஆரம்ப சுகாதார நிலையத்திலோ முதல் கேள்வி ஒன்றுதான்: இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டிவிட்டதா? தாண்டியிருந்தால் சளி பரிசோதனைக்குப் போகும். மூன்று நாள் இருமலோடு வருபவரிடம், விடியலில் அதிகமா என்று கேட்க அங்கே நேரமில்லை. அதை நிதானமாகக் கேட்ட வைத்தியரிடம், மூன்று மாதமாக இருமியவரின் சளியில் என்ன இருக்கிறது என்று பார்க்க வழியில்லை.