உங்களுக்குத் தெரியுமா? மயில் கூட்டத்துக்குள் புதிதாக வரும் ஆண்மயில்

● சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்றுப் பக்கம் வெட்டு முடிந்த வட்டைகளில் மயில்கள் கூட்டமாக இறங்கும். பெட்டைகள் சிந்திய நெல்லைப் பொறுக்கிக்கொண்டிருக்க, இரண்டு வரம்பு தள்ளி ஓர் இளம் ஆண் தனியாக நிற்கும். கழுத்து நீலமாகியிருக்கும். தோகையோ குட்டை, அதில் கண்களும் சரியாக விழுந்திருக்காது. பெரும்பாலும் இரண்டு வயதுப் பருவம் அது. முழுத் தோகை வர இன்னும் இரண்டு மூன்று வருடம் வேண்டும். அதுவரை கூட்டத்தின் ஓரத்தில் மேயலாம், நடுவே போக முடியாது.

● நடுவே போனால் என்ன நடக்கும்? மூத்த ஆண் உடனே பாய்ந்துவிடாது. முதலில் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு பக்கத்திலேயே நடக்கும். இரண்டும் ஒரே திசையில், ஒரே வேகத்தில், ஒன்றையொன்று கடைக்கண்ணால் அளந்தபடி நடக்கும். பிறகு வட்டமிடும். இளையது விலகினால் விஷயம் அத்தோடு முடிந்தது. விலகாவிட்டால் இரண்டும் மேலே எழும்பிக் கால் முள்ளால் குத்திக்கொள்ளும். நெஞ்சிலும் முகத்திலும் ஆழமான காயம் விழும். நான்கு முதல் ஆறு கிலோ எடையுள்ள பறவை முழு வேகத்தில் உதைப்பதைக் கிட்ட நின்று பார்த்தவர்கள் மயிலைச் சாது என்று சொல்ல மாட்டார்கள்.

● மயில் கூட்டம் என்பது நிரந்தரக் குடும்பம் இல்லை. மேயும்போது சேரும், பருவம் வந்தால் பிரியும். இலங்கையில் அவற்றின் இனப்பெருக்கம் உச்சத்தில் இருப்பது ஜனவரி முதல் மார்ச் வரை. அந்த நாட்களில் ஒவ்வொரு ஆணும் ஒரு சின்னத் திட்டைத் தன் ஆடுகளமாகப் பிடித்துக்கொள்ளும். பெட்டைகள் களம் களமாக வந்து பார்த்து, பிடித்த ஆணோடு சேர்ந்துவிட்டுப் போய்விடும். கூடு கட்டுவது, அடைகாப்பது, குஞ்சு வளர்ப்பது எல்லாம் பெட்டையின் தனிப் பாடு. ஆணுக்குச் சொத்து அந்தத் திட்டு ஒன்றுதான். புதிதாக வரும் ஆணை அது அத்தனை கோபத்தோடு பார்ப்பதற்குக் காரணம் இதுவே.

● ஆனால் எல்லாப் புதியவனும் அந்நியன் இல்லை! இங்கிலாந்தின் விப்ஸ்னேட் விலங்குப் பூங்காவில் மரியன் பெற்றியும் அவரது சகாக்களும் நடத்திய ஆய்வு 1999இல் ‘நேச்சர்’ சஞ்சிகையில் வெளியானது. ஒரே தகப்பனுக்குப் பிறந்த மயில்களைத் தனித்தனியே பிரித்து, சொந்தமில்லாத குஞ்சுகளோடு கலந்து வளர்த்தார்கள். ஒன்றையொன்று அறியாமலே அவை வளர்ந்தன. பூங்காவில் திறந்துவிட்டபின் அந்தச் சகோதர மயில்கள் தங்கள் ஆடுகளங்களை ஒன்றுக்கொன்று கிட்டக் கிட்டவே அமைத்துக்கொண்டன. கூட வளர்ந்த பழக்கம் இல்லை, தாய் காட்டிக்கொடுக்கவும் இல்லை. பறவைகளைப் பற்றி நான் வாசித்தவற்றில் இதற்கு நிகராக என்னை வியக்க வைத்தது வேறில்லை.

● மிருகக்காட்சிச்சாலைகளிலும், மயில் வளர்ப்புக்குச் சட்டம் இடம் கொடுக்கும் நாடுகளின் பண்ணைகளிலும் புதிய ஆணைச் சேர்ப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. முதல் ஒரு மாதம் தனிக்கூடு. எச்சத்தைப் பரிசோதித்துக் குடற்புழுவுக்கு மருந்து கொடுப்பது அப்போதுதான். அடுத்து, பழைய கூட்டத்தின் கூட்டுக்குப் பக்கத்திலேயே கம்பிவலை மட்டும் இடையில் இருக்க, சில வாரம் வைப்பார்கள். யார் பெரியவன் என்ற கணக்கில் பாதி அந்த வலை வழியாகவே தீர்ந்துவிடும், இரத்தமும் சிந்தாது. கதவைத் திறக்கும் நாளில் தீனியும் தண்ணீரும் இரண்டு மூன்று இடங்களில் இருக்கும். துரத்தப்பட்டவன் ஒளிவதற்குப் பற்றையோ பலகைத் தட்டியோ வேண்டும், ஏறித் தப்ப உயரமான கொம்பும் வேண்டும். ஓர் ஆணுக்கு மூன்று முதல் ஐந்து பெட்டைகள் என்பது பொதுவான கணக்கு. இடம் சிறிதென்றால் இரண்டாவது ஆணையே சேர்க்கக் கூடாது.

● புதிய ஆணைச் சேர்க்க ஏற்ற காலம் தோகை உதிரும் காலம். மயில் ஆண்டுதோறும் தோகை முழுவதையும் உதிர்த்துவிடும். ஏறத்தாழ 150 முதல் 200 இறகுகள். அந்த நாட்களில் சண்டைக் குணமும் இறங்கிவிடும். எதிரிகளாக நின்றவை ஒரே மரத்தில் உறங்குவதைக் காணலாம்.

● காரின் பளபளக்கும் கதவை மயில் கொத்துவது ஏன்? அதில் தெரியும் தன் உருவத்தை, தன் எல்லைக்குள் புகுந்த இன்னோர் ஆண் என்று நினைப்பதால்தான். பொத்துவில், அறுகம்பைப் பக்கம் வாகனம் நிறுத்துகிறவர்கள் பருவ காலத்தில் கதவுக்கு ஒரு துணி போட்டு வைக்கலாம். வண்டிக்கும் நல்லது, மயிலின் அலகுக்கும் நல்லது.

● மயில் பொய்யும் சொல்லும். பெட்டையோடு சேரும் தறுவாயில் ஆண் ஒரு தனிக் குரல் எழுப்பும். பக்கத்தில் பெட்டையே இல்லாதபோதும் சில ஆண்கள் அதே குரலைக் கொடுப்பதையும், அதைக் கேட்டுப் பெட்டைகள் அந்தப் பக்கம் வருவதையும் கனடா ஆய்வாளர்களான ரொஸ்லின் டாக்கினும் ரொபேர்ட் மொன்ற்கோமரியும் கண்டறிந்து எழுதினார்கள்.

● “கோழிக்கு அடியில் மயில் முட்டை வைத்துப் பொரிக்க வைக்கலாமே” என்று சொல்பவர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். பொரிக்கும், உண்மைதான். 28 நாளளவில் குஞ்சு வந்துவிடும். அதற்குப் பிறகுதான் துன்பம். கோழியின் குடற்புழு முட்டைகளோடு ஒரு நுண்ணுயிர் மண்ணில் பரவுகிறது. கருந்தலை நோய் என்பது அதனால் வருவது. கோழி பெரும்பாலும் நோய் தெரியாமலே அதைச் சுமந்து திரியும். அதே மண்ணைக் கிளறும் மயில் குஞ்சின் குடலையும் ஈரலையும் அது அழித்துவிடும். மண்புழுவைத் தின்றாலும் தொற்றும். கோழி மேயும் வளவில் மயில் வளர்த்தால் குஞ்சுகள் தப்புவது அரிது.

● தப்பிய குஞ்சுக்கு வேறொரு கதி காத்திருக்கிறது. நோபல் பரிசு பெற்ற விலங்கியலாளர் கொன்ராட் லொறன்ஸ் எழுதிவைத்த சம்பவம் இது: முதலாம் உலகப் போருக்குப் பிந்திய குளிரில், வியன்னாவின் ஷொன்புரூன் மிருகக்காட்சிச்சாலையில் பொரித்த மயில் குஞ்சுகளில் ஒன்று மட்டும் மிஞ்சியது. அங்கே மிகவும் சூடான இடம் இராட்சத ஆமைகளின் அறை. அங்கேயே அதை வைத்துக் காப்பாற்றினார்கள். பெரிய மயிலானபின் அது ஆயுள் முழுவதும் தோகை விரித்தது ஆமைகளுக்கு மட்டுமே. அழகான பெட்டைகள் அருகே வந்தும் திரும்பிப் பார்க்கவில்லை. தன் இனத்தைக் காணாமல் வளர்ந்த மயிலைப் பிறகு எந்தக் கூட்டத்தில் சேர்த்தும் பயன் குறைவு.

● நம் பகுதி முஸ்லிம்கள் பின்பற்றும் ஷாபி மத்ஹபில் மயில் இறைச்சி கூடாது என்பதே ஏற்கப்பட்ட சட்டம். இமாம் நவவியின் ‘மின்ஹாஜ்’ மயிலையும் கிளியையும் விலக்கப்பட்டவற்றில் சேர்க்கிறது. நாட்டுச் சட்டமும் தெளிவானது: 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி மயில் பாதுகாக்கப்பட்ட பறவை. பிடிப்பதும், கூட்டில் அடைப்பதும், முட்டை எடுப்பதும் குற்றம்.

● விவசாயியின் வேதனை பொய்யில்லை. நாற்று மேடையிலும் கதிர் முற்றும்போதும் மயில் செய்யும் சேதத்தை வட்டைக்காரர்தான் சுமக்கிறார். 2025 மார்ச் 15 அன்று நாடு முழுவதும் ஐந்து நிமிடம் குரங்கு, மர அணிலோடு மயிலையும் எண்ணியது இந்த முறைப்பாடுகளால்தான். ஆனால் பிடித்து லாகுகலைக் காட்டுப் பக்கம் கொண்டுபோய் விட்டால் தீரும் என்ற பேச்சை என்னால் ஏற்க முடியவில்லை. பழகிய இடத்தை மயில் எளிதில் விடாது. பண்ணைகளிலேயே புதிய மயிலை ஒரு மாதமாவது கூட்டில் அடைத்துப் பழக்காமல் திறந்துவிடுவதில்லை, விட்டால் பறந்து போய்விடும். காட்டில் இறக்கிவிட்ட மயில் அங்குள்ள ஆண்களின் களத்துக்குள் அந்நியனாக நின்று அடிபடும், அல்லது அடுத்த ஊர் வட்டையில் போய் இறங்கும்.

● பெரும்போக வெட்டும் மயில் அடைகாக்கும் காலமும் நம் மாவட்டத்தில் ஒன்றாகவே வருகின்றன. பெட்டை தரையில்தான் முட்டையிடும், பற்றையோரத்திலும் புல் அடர்ந்த வரம்போரத்திலும். வெட்டு மெசின் இறங்குமுன் ஓரங்களை ஒருமுறை நடந்து பாருங்கள். கூடு கண்டால் முட்டையைத் தொடாமல், சுற்றி நாலு முழம் விட்டு வெட்டச் சொல்லுங்கள். காயப்பட்ட மயிலோ தாயைப் பிரிந்த குஞ்சோ கையில் கிடைத்தால் வீட்டில் வளர்க்க எண்ணாமல், வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் 1992 என்ற இலக்கத்துக்கு அன்றைக்கே அழையுங்கள்.