கேமராக் கண்ணி

அமெரிக்க மான் வேட்டைக்காரர்களுக்கு உதவியாக வந்த தானியங்கி கேமரா, இன்று வேட்டையைவிடப் பெரிய பித்தாக வளர்ந்துவிட்டது. சில மாநிலங்களில் சட்டமும் குறுக்கே வந்து நிற்கிறது.

ஆகஸ்ட் மாதம். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் மக்காச்சோளம் ஆளுயரம் தாண்டி நிற்கிறது. வயலும் காடும் சந்திக்கும் ஓரத்தில், ஓக் மரம் ஒன்றில் இடுப்புயரத்தில் ஒரு பெட்டி. டிபன் டப்பா அளவுதான். மேலே மரப்பட்டை நிறத்தில் பூச்சு. அந்தி மயங்கும் நேரத்தில் வயலை நோக்கி நடக்கும் வெள்ளைவால் மான் அதைக் கடக்கிறது. சத்தமில்லை, வெளிச்சமில்லை. ஆனால் சில நிமிடங்களில், பல மைல்களுக்கு அப்பால் ஒரு வீட்டின் சாப்பாட்டு மேஜையில் செல்போன் சிணுங்குகிறது. கொம்பில் பத்து முனை. போன வருடம் எட்டு. அதே மான்தான்.

துப்பாக்கி வேட்டைக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. விஸ்கான்சினில் மானுக்கான பிரதான துப்பாக்கி சீஸன் நவம்பர் கடைசியில் ஒன்பதே நாள். (வில்லேந்திகளுக்கு அவகாசம் அதிகம்.) மற்ற 356 நாட்களுக்கு வேட்டைக்காரர் என்ன செய்வார்? கேமரா கட்டுவார், கழற்றுவார், பேட்டரி மாற்றுவார், படம் பார்ப்பார். ஒன்று இரண்டாகும், இரண்டு இருபதாகும். சில ஆண்டுகளில் வீட்டு அலமாரியில் துப்பாக்கியைவிடக் கேமராவுக்கு அதிக இடம் தேவைப்படும்.

ஆரம்பம் சாதாரணமானது. 1980களில் மான் நடக்கும் தடத்தின் குறுக்கே நூல் கட்டினார்கள். நூலின் முனையில் ஒரு சின்னக் கடிகாரம். நூல் இழுபட்டால் கடிகாரம் அந்த நேரத்தைக் காட்டிக்கொண்டு நின்றுவிடும். அதிகாலை 5.40க்கு ஏதோ போயிருக்கிறது என்று தெரியும். போனது மானா, பக்கத்துப் பண்ணை நாயா என்று தெரியாது. 1990களில் கேம்ட்ராக்கர், டிரெயில்மாஸ்டர் போன்ற கருவிகள் 35 மி.மீ. ஃபிலிம் கேமராவை சென்சாருடன் இணைத்தன. ஒரு சுருளில் 36 படம். சுருளைக் கழுவக் கொடுத்து, காத்திருந்து, காசு கொடுத்து வாங்கிப் பார்த்தால் முப்பது படத்தில் வெறும் புல், நான்கில் ரக்கூன், ஒன்றில் மானின் பின்புறம். மிச்சமுள்ள ஒன்றில் கேமராவைக் கட்டிய ஆசாமியின் முகம்.

குறை கேமராவில் இல்லை. பெட்டிக்குள் முக்கியமான உறுப்பு சென்சார். அது வெப்பத்தை அளப்பதில்லை. வெப்பம் மாறுவதை உணர்கிறது. சுற்றுப்புறத்தைவிடச் சூடான உடல் ஒன்று குறுக்கே நகர்ந்தால் அதில் மின்துடிப்பு எழும். கேமரா விழித்துக்கொள்ளும். வெயிலில் காய்ந்த கிளை காற்றில் ஆடினாலும் இதே கதைதான். மான் குறுக்கே போகாமல் நேராகக் கேமராவை நோக்கி நடந்து வந்தால் சென்சார் தாமதமாகத்தான் கவனிக்கும். கடும் கோடையில், காற்றின் சூடு உடல் சூட்டை நெருங்கும்போது, மான் அதற்கு ஏறக்குறைய மறைந்தே போகிறது. நம் ஊர் மே மாதக் காடுகளில் கேமரா வைப்பவர்களுக்கும் இந்தத் தலைவலி உண்டு. குளிர்காலத்துக்குத் தலைவலி வேறு. பனியில் சாதாரண ஆல்கலைன் பேட்டரிகள் சோர்ந்துவிடும். எட்டு பேட்டரி கேட்கும் பெட்டிக்கு விலை உயர்ந்த லித்தியம் பேட்டரிதான் கதி.

2000க்குப் பிறகு டிஜிட்டல் வந்தது. ஃபிலிம் செலவு ஒழிந்தது. ஆனால் ஆரம்பகாலக் கம்பெனி கேமராக்கள் மகா சோம்பேறிகள். மான் கடந்து சில விநாடிகள் கழித்தே கண் திறந்தன. பொறுமை இழந்தவர்கள் தாங்களே களத்தில் இறங்கினார்கள். சோனியின் எஸ்600, பி41 போன்ற சட்டைப்பை கேமராக்களைப் பிரித்து, ஷட்டர் பட்டனுக்கு ஒயர் பற்றவைத்து, சென்சார் பலகையோடு சேர்த்து, தண்ணீர் புகாத பெலிக்கன் பெட்டிக்குள் அடைத்தார்கள். பெட்டியில் துளை போட்டுக் கண்ணாடி ஒட்டினார்கள். மேலே பசையைப் பூசி மரப்பட்டை போலவே செதுக்கியவர்களும் உண்டு. சோனியின் இந்தச் சில மாடல்களுக்கு மவுசு வரக் காரணம், அவை சட்டென்று விழித்துக்கொண்டதும், ஃபிளாஷ் வெளிச்சத்தில் இரவிலும் வண்ணப் படம் தந்ததும்தான். இப்போது பல கேமராக்கள் இரவில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை வீசி, கறுப்பு வெள்ளையில் எடுக்கின்றன. மான் மிரளாது என்பது லாபம். ஆனால் படம் சாம்பல் நிறத்தில் இருக்கும். அதனால்தான் இந்தப் பித்தில் ஊறியவர்கள் உற்பத்தி நின்றுபோன பழைய சோனியை இன்றும் தேடி வாங்குகிறார்கள்.

எல்லாப் படமும் மானைப் பற்றியதல்ல. கரடி கேமராவைக் கடிக்கும்போது அதன் தொண்டை வரை படமாகும். பெட்டிக்குள் எறும்பு குடியேறும். 2007இல் பென்சில்வேனியாவில் ஒரு வேட்டைக்காரரின் கேமராவில் நீண்ட கைகால்களோடு குனிந்து நின்ற ஒரு உருவம் பதிந்தது. கட்டுக்கதை மனிதக் குரங்கான 'பிக்ஃபுட்' கிடைத்துவிட்டது என்று நாடே அமளிதுமளிப்பட்டது. சொறி பிடித்து முடி கொட்டிய கரடி என்று மாநில வனவிலங்குத் துறை சொல்லிவிட்டது. நம்ப விரும்பியவர்கள் நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

கேமரா துப்பாக்கியை ஓரங்கட்டுவது புதிய சமாச்சாரமல்ல. பென்சில்வேனியாவின் ஜார்ஜ் ஷைராஸ் வழக்கறிஞர், பின்னாளில் நாடாளுமன்ற உறுப்பினர், தீவிர வேட்டைக்காரர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் துப்பாக்கியை வைத்துவிட்டுக் கேமராவை எடுத்தார். மிச்சிகன் ஏரிக்கரைகளில் இரவில் படகில் போய்ப் படமெடுத்தார். தடத்தில் கம்பி கட்டி மான்கள் தங்களைத் தாங்களே படமெடுக்க வைத்தார். 1906 ஜூலையில் 'நேஷனல் ஜியாகிரபிக்' அவரது 74 படங்களை ஒரே இதழில் வெளியிட்டது. அடுத்து 1920களில் ஐக்கிய மாகாணத்தின் வன அதிகாரி எஃப்.டபிள்யூ. சாம்பியன், இமயமலை அடிவாரக் காடுகளில் இதே உத்தியால் புலிகளைப் பிடித்தார், படத்தில். 1927இல் வந்த அவரது புத்தகம் அந்தப் படங்களால் பெயர்பெற்றது.

அமெரிக்க வேட்டைக்காரரின் பெட்டியும் பின்னாளில் இந்தியா வந்து சேர்ந்தது. 1990களின் தொடக்கத்தில் கர்நாடகத்தின் நாகரஹொளே காட்டில் உல்லாஸ் கரந்த் டிரெயில்மாஸ்டர் கருவிகளைப் பொருத்தினார். புலியின் வரிகள் கைரேகை மாதிரி. ஒன்றைப்போல் இன்னொன்று இராது. இடப்பக்க வரி வேறு, வலப்பக்க வரி வேறு என்பதால் பாதையின் இருபுறமும் கேமரா வேண்டும். எத்தனை புலி திரும்பத் திரும்பப் படத்தில் விழுகிறது என்பதை வைத்து, விழாத புலிகளையும் கணக்கிட்டார். ஆய்வு 1995இல் வெளியானது. காலடித் தடத்தை வைத்துப் புலி எண்ணிய பழைய முறை, சரிஸ்காவில் புலிகளே இல்லை என்பது 2005இல் அம்பலமானபோது மானம் இழந்தது. 2018 கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் கேமரா வைத்தார்கள். சுமார் 3 கோடியே 48 லட்சம் படங்களில் 76,651 படங்களில்தான் புலி. கின்னஸ் சாதனை. வேட்டைக்குத் தடையுள்ள நாட்டில் இந்தக் கருவி மலிவாகக் கிடைப்பதற்கு, மான் கொம்புக்கு ஆசைப்பட்ட அமெரிக்கர்களின் டாலர்களுக்கும் பங்குண்டு.

அந்த அமெரிக்கர்களிடம் நமக்குப் புரியாத ஒரு வழக்கம் உண்டு. படத்தில் அடிக்கடி வரும் ஆண்மானுக்குப் பெயர் வைக்கிறார்கள். கொம்பு வளைவைப் பார்த்து, காதின் கிழிசலைப் பார்த்து, மூன்று நான்கு ஆண்டுகள் பின்தொடர்கிறார்கள். குட்டியாகப் பார்த்தது குடும்பப் படங்களின் நடுவே வளர்கிறது. பிறகு ஒரு நவம்பரில் சுடுகிறார்கள். பெயர் வைத்ததைச் சுடுவதா என்று நாம் கேட்போம். அவர்கள் தரப்பில் ஒரு நியாயம் இருக்கிறது. வயது தெரிந்தால் இளசுகளை விட்டுவிடலாம். 1980களின் இறுதியில் அமெரிக்காவில் சுடப்பட்ட ஆண் வெள்ளைவால் மான்களில் பாதிக்கு மேல் ஒன்றரை வயதுக்காரை. இன்று மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. இதற்குக் கேமரா மட்டும் காரணமல்ல. ஆனாலும் காத்திருக்கக் கற்றுக்கொடுத்ததில் அதற்குப் பங்குண்டு. காத்திருப்பவருக்கே மான் கிடைக்கும் என்று உத்தரவாதமும் இல்லை. அமெரிக்கச் சட்டப்படி காட்டு மான் நிலத்துக்காரரின் சொத்து அல்ல, பொதுச்சொத்து. நான்கு வருடம் நீங்கள் படம் எடுத்ததை வேலிக்கு அப்பால் பக்கத்து நிலத்துக்காரர் முதல் நாள் காலையிலேயே சுட்டுவிடலாம்.

உண்மையான சிக்கல் செல்போனோடு வந்தது. முன்பெல்லாம் மெமரி கார்டை எடுக்க நடந்து போக வேண்டும். போனால் மனித வாடை பரவும், மான் உஷாராகும். படம் தானாகவே கைக்கு வந்துவிட்டால் மானுக்கு என்ன மிச்சம்? தியோடர் ரூஸ்வெல்ட் 1887இல் நிறுவிய பூன் அண்டு கிராக்கெட் கிளப், படத்தை உடனுக்குடன் அனுப்பும் கேமராவின் துணையோடு வீழ்த்திய விலங்கைத் தன் சாதனைப் பட்டியலில் சேர்ப்பதில்லை. 'ஃபேர் சேஸ்' என்பது அவர்கள் வேதவாக்கு: விலங்குக்குத் தப்பிக்க நியாயமான வாய்ப்பு இருக்க வேண்டும்.

வறண்ட அரிசோனாவில் பிரச்சினை தண்ணீர். விலங்கு எங்கே சுற்றினாலும் குட்டைக்கு வந்தாக வேண்டும். குட்டையைச் சுற்றிக் கேமராக்கள் குவிந்தன. அவற்றைப் பார்க்க ஆட்கள் வந்துபோய்க்கொண்டே இருந்தார்கள். வேட்டைக்காரர்களுக்குள் சண்டை மூண்டது. 2022 ஜனவரி 1 முதல் வேட்டைக்கு உதவியாகக் கேமரா வைக்க அங்கே தடை. நெவாடாவிலும் யூடாவிலும் சீஸன் மாதங்களில் கட்டுப்பாடு. கன்சாஸ் 2023இல் மாநில வனவிலங்குத் துறையின் பொது நிலங்களில் தடை செய்தது. அரிசோனா சட்டத்தில் ஒரு விசித்திரம்: படம் பிடிக்க ஆசைப்பட்டோ ஆராய்ச்சிக்காகவோ வைத்தால் குற்றமில்லை. அதே மரம், அதே பெட்டி, அதே மான். மனதில் துப்பாக்கி இருக்கிறதா என்பதே கேள்வி. வன அதிகாரி அதை எந்தச் சென்சாரில் பார்ப்பார் என்பது கேட்க வேண்டிய கேள்விதான்.

விஸ்கான்சினில் சீஸன் முடிந்தும் பெட்டிகள் மரத்தில் இருக்கின்றன. ஜனவரியில் பனிக்கு நடுவே ஒரு படம்: ஆண்மான், ஒரு பக்கக் கொம்பு மட்டும். மற்றது உதிர்ந்துவிட்டது. ஒன்பது நாளைத் தாண்டி அது பிழைத்திருக்கிறது. பிப்ரவரியில் இரண்டுமே இருக்காது. காதுக் கிழிசல் கண்ணில் படாவிட்டால் எந்த மான் என்று சொல்ல முடியாது. உதிர்ந்த கொம்பைத் தேடி வேட்டைக்காரர் பனியில் நடக்கிறார், கையில் துப்பாக்கி இல்லாமல். வழியில் பேட்டரியை மாற்றுகிறார்.