மால்ட் வினிகர்: பாட்டில் மட்டும் போதாது

லீட்ஸில் படித்த காலத்தில் வெள்ளிக்கிழமை ராத்திரி என்றால் மீனும் சிப்ஸும்தான். அமெரிக்காவுக்கு, மேரிலாந்துக்கு வந்தபிறகு அந்த ருசிக்கு ஏங்கி, ஒருநாள் சூப்பர் மார்க்கெட்டில் மால்ட் வினிகர் பாட்டிலைப் பார்த்ததும் ஆசையாய் வாங்கி வந்தேன். பக்கத்துக் கடையில் வாங்கிய ஃபிரெஞ்சு ஃபிரைஸ் மேலே ஊற்றினேன். புளித்தது, அவ்வளவுதான். பழைய ருசி வரவே இல்லை. ஏன் என்று தோண்டினேன்.

மால்ட் வினிகர் செய்ய முதலில் பார்லியை முளைகட்டி உலர்த்துவார்கள். அதை வெந்நீரில் ஊறவைத்தால் மாவுச்சத்து சர்க்கரையாகும். ஈஸ்ட் சேர்த்து நொதிக்கவிட்டால் ஹாப்ஸ் போடாத பீர் மாதிரி ஒன்று கிடைக்கும். அதில் காற்றுப் பட்டால் அசிட்டோபாக்டர் என்ற பாக்டீரியா ஆல்கஹாலை அசிட்டிக் அமிலமாக்கிவிடும். அமெரிக்காவில் விற்பதும் இதேதான். பாட்டிலில் குறை சொல்ல எதுவும் இல்லை.

வேடிக்கை என்னன்னா, பிரிட்டனில் ஏகப்பட்ட சிப்ஸ் கடைகளில் கவுண்டர் மேல் இருக்கும் பழுப்புத் திரவம் மால்ட் வினிகரே கிடையாது! அசிட்டிக் அமிலத்தைத் தண்ணீரில் கலந்து கேரமலில் நிறமேற்றியது. நொதித்துச் செய்யாததால் வினிகர் என்று பெயர் போட்டு விற்க முடியாது. 'நான்-ப்ரூட் காண்டிமென்ட்' என்றுதான் போடணும். விலை மலிவு, அதனால் கடைக்காரர்களுக்கு வசதி. இத்தனை வருஷம் நான் ஏங்கியது அதற்காகவும் இருக்கலாம்.

அப்படியானால் ருசி எங்கே இருந்தது? காகிதத்தில் என்பேன். யார்க்‌ஷயரில் பல கடைகளில் மாட்டுக்கொழுப்பில்தான் பொரிப்பார்கள். விரல் தடிமன் சிப்ஸ். சுடச்சுட வினிகரும் உப்பும் போட்டுக் காகிதத்தில் சுற்றித் தருவார்கள். வீடு போய்ச் சேருவதற்குள் உள்ளே ஆவி கட்டி, சிப்ஸின் மேல்தோல் இளகி, புளிப்பை உறிஞ்சிக்கொள்ளும். பிரித்ததும் மூக்கில் ஏறுகிற அந்த நெடி, சூட்டில் ஆவியாகும் அசிட்டிக் அமிலம். அமெரிக்க ஃபிரைஸ் மெலிசு, மொறுமொறுப்புக்காகவே செய்வது. அதில் உறிஞ்ச உள்சதையே இல்லை. வினிகர் வழிந்து அடியில் தேங்குகிறது.

இதற்குச் சாட்சி மேரிலாந்திலேயே இருக்கு. ஓஷன் சிட்டி கடற்கரையில் 1929 முதல் நடக்கும் த்ராஷர்ஸ் கடையில் கெட்சப் தரமாட்டார்கள், வினிகர்தான். அதுவும் ஆப்பிள் சைடர் வினிகர். ஆனாலும் சூடான உருளைக்கிழங்கில் ஊற்றினால் லீட்ஸ் ஞாபகம் வந்துவிடுகிறது.

இப்போது வீட்டில் செய்வது இப்படி. ரஸெட் உருளைக்கிழங்கு நல்ல மாவுப்பதம், பிரிட்டிஷ் மாரிஸ் பைப்பருக்குக் கிட்டத்தட்ட ஈடு. தடிமனாக வெட்டி, கழுவித் துடைத்து, மிதமான சூட்டில் வேகவிட்டு எடுத்து, பிறகு எண்ணெயை நன்றாகக் காய்ச்சி இன்னொரு தடவை பொரிக்கிறேன். முதலில் வினிகர், அப்புறம் உப்பு. மாற்றிச் செய்தால் உப்பை வினிகர் கழுவிக்கொண்டு போய்விடும். (இதில் பிரிட்டிஷ்காரர்களுக்குள்ளேயே சண்டை உண்டு.) பிறகு காகிதத்தில் சுற்றி ஐந்து நிமிஷம் தொடாமல் வைக்கணும். அதுதான் கஷ்டம்.

மீனுக்கு ஹாடக் சரியாக இருக்கும், இந்தப் பக்கம் சுலபமாகவே கிடைக்கிறது. ஆனால் அதைச் சுற்றிவைக்காதீர்கள், மேல்மாவு சொதசொதத்துவிடும். வினிகரையும் சாப்பிடும்போது, வாய்க்குப் போகும் துண்டின் மேல் மட்டும் இரண்டு சொட்டு விட்டால் போதும்.