வாழ்க்கைப் பருவங்களும் சமூகச் சூழலும்

பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் எனப் பெண்ணின் வாழ்வை ஏழு பருவங்களாக வகுத்தது உலா இலக்கிய மரபு. இவற்றின் வயதெல்லை குறித்துப் பாட்டியல் நூல்கள் தம்முள் சிற்சில வேறுபாடு காட்டினும், பொதுவாக வழங்கும் கணக்கு ஐந்து வயதளவில் தொடங்கி நாற்பது வயதளவில் முடிந்துவிடுகின்றது. நாற்பதின் பின்னரும் பெண் வாழ்ந்தாள், உழைத்தாள், பேரப்பிள்ளைகளை வளர்த்தாள். ஆயின், அவ்வாழ்வைச் சுட்ட இவ்வரிசையில் ஒரு பெயரேனும் இல்லை. உலா, தலைவனின் பவனி கண்டு காதல் கொள்ளும் மகளிரைப் பாடுவது. அதன் தேவைக்கேற்பவே பருவங்கள் வகுக்கப்பட்டன. பருவம் என்பது உடலின் நியதி மட்டுமன்று, அதனை வகுப்போரின் நோக்கும் அதனுட் கலந்துள்ளது என்பதற்கு இஃது எளியதோர் உதாரணமாகும்.

நவீன உளவியலிலும் பருவப் பகுப்புகள் பல உள. அவற்றுள் எரிக் எரிக்சன் 1950இல் வெளியிட்ட நூலில் முன்வைத்த எட்டுப் பருவக் கோட்பாடு பெரிதும் அறியப்பட்டது. மனித வளர்ச்சி கட்டிளமைப் பருவத்துடன் நின்றுவிடுவதில்லை, முதுமை வரை அது தொடர்கின்றது என வற்புறுத்தியமை அவரது சிறப்பு. ஒவ்வொரு பருவத்திலும் மனிதன் ஒரு முரண்பாட்டை எதிர்கொள்கின்றான். கட்டிளமைப் பருவத்தில் 'நான் யார்' என்னும் வினா முதன்மை பெறுகின்றது என்றார் அவர். எரிக்சன் சமூகத்தை மறந்தவரல்லர். எனினும் அவரது கோட்பாடு பாடநூல்களில் ஓர் அட்டவணையாகச் சுருங்கும்போது, எல்லா மனிதரும் ஒரே ஏணியில் ஒரே வேகத்தில் ஏறுகின்றனர் என்னும் மயக்கம் தோன்றிவிடுகின்றது.

இம்மயக்கத்தைத் தெளிவிப்பது அமெரிக்கச் சமூகவியலாளர் கிளென் எல்டரின் ஆய்வு. 1929இல் தொடங்கிய பொருளாதாரப் பெருமந்தம் பிள்ளைகளின் வாழ்வை எவ்வாறு உருமாற்றியது என்பதை அவர் 1974இல் நூலாக வெளியிட்டார். கலிபோர்னியாவின் ஓக்லந்து நகரில் 1920-21இல் பிறந்த பிள்ளைகளைப் பல்லாண்டுகளாகத் தொடர்ந்து அவதானித்துச் சேர்த்த தரவுகளே அந்நூலுக்கு ஆதாரம். இப்பிள்ளைகள் தமது இளம்பிள்ளைப் பருவத்தை ஓரளவு செழிப்பான காலத்தில் கழித்தவர்கள். மந்தம் வந்தபோது கட்டிளமையை எட்டிக்கொண்டிருந்தனர். வருமானம் இழந்த குடும்பங்களில் ஆண்பிள்ளைகள் வெளியே சிறுதொழில் தேடினர்; பெண்பிள்ளைகள் வீட்டுவேலைகளை ஏற்றனர். அவர்களுட் பலர் பொறுப்புணர்வோடு வளர்ந்து, பிற்கால வாழ்வை நன்கு அமைத்துக்கொண்டனர்.

அயல்நகராகிய பேர்க்லியில் 1928-29இல் பிறந்த பிள்ளைகளையும் எல்டர் பின்னர் ஒப்புநோக்கினார். அதே மந்தம் இவர்களை இளம்பிள்ளைகளாக இருக்கும்போதே தாக்கிற்று. வருமானம் இழந்த குடும்பங்களின் ஆண்பிள்ளைகள் தன்னம்பிக்கை குன்றிக் கல்வியிலும் பின்தங்கினர்; பெண்பிள்ளைகளுக்குத் தாயுடன் கொண்ட நெருக்கம் ஓரளவு காப்பாயிற்று. வறுமை பிள்ளையை நேரே தாக்குவதிலும், தொழிலிழந்த தந்தையின் சினம், பெற்றோரிடையே எழும் பிணக்கு ஆகியவற்றின் வழியாகவே பெரிதும் தாக்குகின்றது என்பதும் புலனாயிற்று.

இதனைக் கொண்டு, 'வறுமை மனிதனைப் புடம்போடும்' என எவரேனும் வாதிடுவாராயின் அது தவறாகும். ஓக்லந்துப் பிள்ளைகள் உழைத்தபோதும் அவர்களது பாடசாலைக் கதவு மூடப்படவில்லை. பேர்க்லி ஆண்களுட் பலர் பிற்காலத்தில் தலைநிமிர்ந்தமைக்கும் காரணங்கள் இருந்தன: படைச்சேவை அவர்களை வீட்டுச் சூழலிலிருந்து விடுவித்தது, படையிலிருந்து மீண்டோருக்குக் கல்வியுதவி வழங்கும் 1944ஆம் ஆண்டுச் சட்டமும் அதனைத் தொடர்ந்த ஏற்பாடுகளும் புதிய வழியைத் திறந்தன. இளமையில் நேர்ந்த குறையை வளர்ந்த பருவத்திலும் ஈடுசெய்ய முடிந்தது. ஆயின் அதற்குச் சமூகத்தின் கை தேவைப்பட்டது.

நமது நாட்டு நிலையை இவ்வெளிச்சத்தில் நோக்குவோம். மலையகத் தோட்டங்களில் சிறுவயதிலேயே பேர் பதிந்து கொழுந்து பறிக்கச் சென்ற முன்னைய தலைமுறைப் பெண்ணுக்குக் கட்டிளமைப் பருவம் எங்கே இருந்தது? உடல் அப்பருவத்தை அடைந்தது. 'நான் யார்' என வினவும் அவகாசம் அவளுக்குக் கிட்டவில்லை. கட்டாயக் கல்வி 1998இல் ஐந்து முதல் பதினான்கு வயது வரை நடைமுறைக்கு வந்தது. 2016இல் அவ்வெல்லை பதினாறாக உயர்த்தப்பட்டது. தொழிலுக்கு அமர்த்தும் ஆகக்குறைந்த வயதோ 2021இலேயே பதினான்கிலிருந்து பதினாறாயிற்று. இடைப்பட்ட ஆண்டுகளில், பதினைந்து வயதுப் பிள்ளையை ஒரு சட்டம் மாணவனாகக் கண்டது. மற்றொன்று தொழிலாளியாகவும் ஏற்றது. பிள்ளைமை எங்கே முடிகின்றது என்பதை உடற்கூறு மட்டும் தீர்மானிப்பதில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஆகவே, ஒரு பிள்ளை 'வயதுக்கேற்ற வளர்ச்சி பெறவில்லை' என நாம் குறிப்பேட்டில் எழுதுமுன், அவ்வயதுக்குரிய வாழ்வு அதற்கு வழங்கப்பட்டதா என வினவுதல் வேண்டும். இடைவிலகிய இளைஞனுக்கும், எழுத்தறியா முதியவளுக்கும் 'காலம் கடந்துவிட்டது' எனக் கூறும் உரிமை நமக்கில்லை. அவர்களுக்கு மீண்டும் ஒரு கதவைத் திறப்பது சமூகத்தின் கடமை. திறந்தால் மனிதர் எப்பருவத்திலும் வளர்வர்.