ரசாயன சாலையின் கண்ணாடிப் பாத்திரங்கள்

நம் சமையலறையில் ரஸம் வைக்க ஈயச் செம்பு, அரிசி அளக்கப் படி என்று ஒவ்வொரு காரியத்துக்கும் தனிப் பாத்திரம் உண்டு. படியை யாரும் அடுப்பில் ஏற்றுவதில்லை. ரசாயன சாலையிலும் இதே நியதிதான். பாத்திரந்தானே என்று அலட்சியம் செய்தால் கணக்குப் பிசகும். சில வேளைகளில் ஒரு தேசமே தவிக்க நேரும்.

முதல் இனம், காய்ச்சவும் கலக்கவும் ஏற்பட்டவை. வாயகன்று, ஓரத்தில் மூக்கு வைத்த பாத்திரம் பீக்கர். அதன்மேல் கோடுகள் உண்டெனினும் அவை உத்தேசத்துக்கே. நூறு மில்லிலிட்டரில் ஐந்து கூடலாம், குறையலாம். அடி அகன்று கழுத்துக் குறுகிய கூம்புக் குடுவையை 1860-ல் உலகுக்கு அறிவித்தவர் எர்லன்மேயர் என்ற ஜெர்மானிய ரசாயனி. அதைச் சுழற்றிக் கலக்கினாலும் ஒரு துளி சிந்தாது.

இரண்டாவது இனம், அளப்பதற்கென்றே பிறந்தவை. பிப்பெட் குறித்த அளவு திரவத்தை எடுத்துக் கொடுக்கும். அதை வாயால் உறிஞ்சுவது ஆபத்து. ரப்பர்க் குமிழே தக்கது. அடியில் திருகு வைத்த நீண்ட குழாயான ப்யூரெட், துளித் துளியாக விட்டு அளக்க உதவும். குழாயில் நீரின் மேற்பரப்பு குழிந்து நிற்குமாதலால், கண்ணை அதற்கு நேராக வைத்துக் குழிவின் அடியையே பார்க்க வேண்டும். இவ்வினத்தைச் சூடாக்கலாகாது, கண்ணாடி உருமாறினால் அளவு பொய்த்துவிடும்.

அப்படியானால் பீக்கர் மட்டும் நெருப்பைத் தாங்குவது எங்ஙனம்? சாதாரணக் கண்ணாடியில் கொதிநீர் பட்டால் உட்புறம் விரிய, வெளிப்புறம் விரியாமல் நின்று, படீரென்று வெடிக்கிறது. ஜெர்மனியில் ஜீனா நகரத்து ஓட்டோ ஷாட் என்பவர் கண்ணாடியில் போரான் ஆக்ஸைடைச் சேர்த்தார். இவ்வகைக் கண்ணாடி சாதாரணக் கண்ணாடியின் விரிவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே விரிகிறது. ரசாயன சாலைகள் எங்கும் ஜெர்மன் கண்ணாடியே பரவியது.

1914-ல் யுத்தம் மூண்டது. ஜெர்மன் சரக்கு நின்றது. தொழிலில் தலைசிறந்த பிரிட்டனே பீக்கருக்குத் திண்டாடி, விஞ்ஞானிகளைக் கூட்டிக் கண்ணாடிக் கலவைகளை அவசரமாக ஆராய வேண்டியதாயிற்று. அமெரிக்காவில் 1915-ல் 'பைரெக்ஸ்' பிறந்தது. நம் நாட்டில் கல்கத்தாவில் கண்ணாடி ஆராய்ச்சி நிலையம் 1950-ல் திறக்கப்பட்டது. 'போரோசில்' கம்பெனி 1962-ல் தோன்றியது.

அறிவு எவ்வளவு இருந்தென்ன? அதை ஏந்தும் பாத்திரத்துக்கு அயலான் கையை எதிர்பார்க்கும் தேசம், அவன் கையை மடக்கிய அன்று பட்டினிதான் கிடக்க வேண்டும்.